எடையைக் கழித்த கணக்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். புள்ளியியல் பயிலும் நான் அந்தப் பழமொழிக்குப் பகைவன் அல்லேன். எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியாதபோது சில கதவுகளைத் தட்டி மற்றவற்றை அறிந்துகொள்வதே எங்கள் தொழில். ஆயினும், ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்குமுன் பாட்டி அகப்பையால் பானையைக் கிளறிவிட்டாள் என்பதைப் பழமொழி சொல்லாமலே விட்டுவிட்டது. கிளறாத பானையில் மேற்சோறு ஒரு பதம். அடிச்சோறு வேறு பதம். இந்தியா என்னும் பானையையோ யாராலும் கிளற முடியாது. ஆகவே, எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை சோறு எடுத்தோம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்கிறோம். அந்தக் குறிப்புக்குத்தான் சர்வே எடை என்று பெயர்.

அந்த எடையை நம் ஆய்வு மாணவர்கள் குப்பைக் கூடையில் எறிகிறார்கள். அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். மலர்க்குழு நண்பரிடம் இந்தத் தலைப்பைச் சொன்னபோது, "இதைப் படிக்கப் போகிறவர்கள் இரண்டே பேர், ஒருவர் நீ, மற்றவர் மெய்ப்புத் திருத்துபவர்" என்றார். இருக்கட்டும். பொருளியலும் சமூகவியலும் பொதுநலமும் பயிலும் நம் சங்கத்து அன்பர்கள் பலர், நாடு தழுவிய சர்வேக்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆய்வேடு எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுள் ஒருவரேனும் படித்தால் போதும்.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் எளியது. வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் குறைகிறதா? 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்துக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. கோடிக்கணக்கான சிற்றூர் வீடுகளுக்குக் குழாய் இழுக்கப்படுகிறதென்றால், அதனால் எத்தனை குழந்தைகள் நோயினின்று தப்புகிறார்கள் என்று கேட்பது வீண் கேள்வி ஆகாதல்லவா? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவைப் பெற்றேன். 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள். வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா என்பன எல்லாம் அதில் உண்டு.

கோப்பைத் திறந்த அன்று ஒரு நிரலில் ஏழிலக்க எண்கள் வரிசையாக நின்றன. அவை குடும்பத்தின் வருமானம் போலும் என்று எண்ணி, 'இவ்வளவு செல்வர்களா நம் நாட்டுச் சிற்றூர்களில்' என்று வியந்தேன்! இரண்டு நாள் கழித்துத்தான், அவை சர்வே எடைகள் என்பதும், பத்து இலட்சத்தால் வகுத்தே பயன்படுத்த வேண்டும் என்பதும் விளங்கின. விளங்கியதும் என்ன செய்தேன்? நெறியாளரிடம் கேட்டேன். "நீ மக்கள்தொகையை எண்ணப் போவதில்லை, காரணகாரியம் தேடப் போகிறாய். எடை எதற்கு? விட்டுவிடு" என்றார். இணை சேர்க்கும் மென்பொருள் கட்டளையிலும் எடைக்கு இடம் இருக்கவில்லை. விட்டுவிட்டேன். கணக்கு அழகாக வந்தது. குழாய்த் தண்ணீருக்குப் பெரும் பயன் இருப்பதாகக் காட்டிற்று.

அந்த அழகிய கணக்கைத் துறைக் கருத்தரங்கில் படித்தேன். பின் வரிசையில் ஒரு வங்காளப் பெரியவர் அமர்ந்திருந்தார். மாதிரி ஆய்வுப் பணியில் ஊர் ஊராகச் சுற்றி, வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் என் வரைபடங்களைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு அவர் எழுந்தார். தம்பி என்னும் பொருளில் 'பாய்' என்று என்னை விளித்து, "எடை எங்கே?" என்று மட்டும் கேட்டார். நெறியாளர் சொன்ன விடையை நானும் சொன்னேன். அவர் சினந்தாரில்லை. "அந்த ஓர் எண்ணுக்காக நாங்கள் கேள்வித்தாளைத் திறக்குமுன்பே ஊர் முழுதும் நடந்து வீட்டுப் பட்டியல் எடுப்போம். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போவோம். நீ ஒரே சொல்லில் அத்தனை நடையையும் அழித்துவிட்டாய்" என்றார். அவையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடுதிக்கு வந்து நான் சிந்தித்தவற்றையே இனிச் சொல்கிறேன்.

மருந்தின் பயனை அறிய வேண்டுமானால், சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கலாம். குழாயை அப்படிச் சீட்டுக் குலுக்கி யாரும் கொடுப்பதில்லை. சாலையோரத்து ஊருக்கு முதலில் வரும். வசதியுள்ள தெருவுக்கு முன்னே வரும். படித்த தாய் இருக்கும் வீடு விண்ணப்பத்தை விரைந்து கொடுக்கும். அந்த வீட்டுக் குழந்தைக்கு நோய் குறைவாக இருந்தால் புகழ் குழாய்க்கா, தாயின் படிப்புக்கா, தந்தையின் வருவாய்க்கா? உலகம் இருந்தபடியே இருக்க, நாம் ஓரமாக நின்று பார்த்து எழுதும் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் உள்ள தலைவலி இது.

இந்தத் தலைவலிக்கு ரோசன்பாம், ரூபின் என்னும் இருவர் 1983-இல் ஒரு நல்ல மருந்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டையும் பார்த்து, 'இப்படிப்பட்ட வீட்டுக்குக் குழாய் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று கணக்கிடுக. வருவாய், படிப்பு, சாதி, ஊரின் அமைப்பு ஆகிய பலவும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கும். அதைப் பிராப்பென்சிட்டி ஸ்கோர் என்பர். நாட்ட மதிப்பெண் என்று நாம் சொல்லலாம். பிறகு, பத்தில் ஆறு பங்கு வாய்ப்பிருந்து குழாய் பெற்ற வீட்டை, அதே ஆறு பங்கு வாய்ப்பிருந்தும் குழாய் பெறாத வீட்டோடு ஒப்பிடுக. ஏழைக்குடிலை மாடி வீட்டோடு ஒப்பிடும் அநீதி நீங்கிவிடும். நாம் அளந்து வைத்திருக்கும் பண்புகளைப் பொறுத்தவரை நீங்கும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அளக்காதவற்றின் கதை வேறு.

நம் நாட்டுக்கே இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. நான் எடுத்துக்கொண்ட அதே கேள்வியை ஜோத்ஸ்னா ஜலான், மார்ட்டின் ரவாலியன் ஆகிய இருவரும் எனக்கு முன்பே கேட்டிருந்தார்கள். 1993-94-இல் 16 மாநிலங்களின் 1,765 சிற்றூர்களில் ஏறத்தாழ 33,000 குடும்பங்களிடம் திரட்டிய தரவை எடுத்து, நாட்ட மதிப்பெண்ணால் இணை சேர்த்து ஆராய்ந்து, 2003-இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், குழாய் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதும் குறைவு; வந்தால் நீடிக்கும் நாட்களும் குறைவு. ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. வறிய குடும்பத்துக் குழந்தைகளை, அதிலும் தாய்க்குப் படிப்புக் குறைந்த வீட்டுக் குழந்தைகளை, அந்தப் பயன் பெரும்பாலும் எட்டவேயில்லை என்றும் கண்டார்கள். குழாயில் வரும் நீரை எதில் பிடித்து வைப்பது, எப்போது காய்ச்சுவது, கையை எப்போது கழுவுவது என்பவற்றையும் சேர்த்துத்தானே நலம் விளைகிறது! தண்ணீர் ஒன்றுதான், பயன் வீட்டுக்கு வீடு வேறு.

அன்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பயன் வீட்டுக்கு வீடு வேறுபடுமானால், 'சராசரிப் பயன்' என்பது எந்த வீடுகளை எத்தனை வீதம் சேர்த்துச் சராசரி எடுத்தோம் என்பதைப் பொறுத்தது ஆகிவிடுகிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனையே. சமவெளி மாவட்டம் ஒன்றில் 9 இலட்சம் குழந்தைகள்; மலை மாவட்டம் ஒன்றில் 1 இலட்சம். ஆய்வாளர் இரண்டிலும் ஆயிரம் ஆயிரம் குழந்தைகளைப் பற்றிக் கேட்கிறார். சமவெளியில் குழாயால் நூற்றுக்கு 2 குழந்தைகள் நோய்க்குத் தப்புகிறார்கள். மலையில் 12 பேர். நாட்ட மதிப்பெண் கணக்கை நாம் ஒரு குற்றமும் இல்லாமல் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். எடையை எறிந்துவிட்டால் விடை என்ன? இரண்டுக்கும் நடுவே 7. எடையோடு பார்த்தால் என்ன? பத்தில் ஒன்பது பங்கு 2, ஒரு பங்கு 12, ஆக 3. பத்து இலட்சம் குழந்தைகளில் முப்பதாயிரம் பேர் என்பதை எழுபதாயிரம் பேர் என்று சொல்லிவிட்டோம். இடையிலுள்ள நாற்பதாயிரம் குழந்தைகள் நம் தாளில் மட்டுமே நலம் பெற்றவர்கள்.

இது கற்பனைக் கணக்குத்தானே, நடைமுறையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்குமா என்று கேட்கலாம். ஐந்தாம் ஆய்வு 707 மாவட்டங்களுக்கும் தனித்தனியே விடை சொல்லத் திட்டமிட்டது. ஆகவே பெரிய மாவட்டமாயினும் சிறிய மாவட்டமாயினும் போதுமான வீடுகளை எடுத்தாக வேண்டும். மொத்த வீடுகளை மாவட்டங்களால் வகுத்தால் ஒன்றுக்குச் சராசரி 900 வீடு வருகிறது. இப்போது மக்கள்தொகையைப் பாருங்கள். நாம் இருக்கும் கொல்கத்தாவை ஒட்டிய வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 1,00,09,781 பேர். அருணாசலப் பிரதேசத்தின் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்தில் 8,004 பேர். இரண்டிலும் ஒரே அளவு வீடுகளை எடுத்தால், இங்கே ஒரு வீடு அங்குள்ள ஒரு வீட்டைப் போல ஏறத்தாழ ஆயிரத்து இருநூற்றைம்பது மடங்கு மக்களுக்காகப் பேச வேண்டியதாகும். என் கற்பனையில் ஒன்பது மடங்குதான் வைத்தேன்!

திபாங் பள்ளத்தாக்குத் தாயின் சொல்லுக்கு மதிப்புக் குறைவு என்று யாரும் கொள்ளற்க. அவள் ஊருக்கான விடையைத் தனியே அறியவேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான் அங்கே மிகுதியான வீடுகளுக்குப் போனார்கள். வெறும் மக்கள்தொகை வீதப்படி எடுத்திருந்தால் அவள் மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சில வீடுகளே விழுந்திருக்கும். அவளைத் தேடிச் சென்ற அந்த நல்லெண்ணம், நாடு முழுமைக்கும் சராசரி எடுக்கும்போது கணக்கைத் திரித்துவிடாமல் காப்பதே எடையின் வேலை.

மாதிரி எதைக் குறிக்கிறது என்னும் கேள்வி இந்த ஊருக்குப் புதியதும் அன்று. 1941-இல் இங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்து, 2023-இல் தம் 102-ஆம் வயதில் மறைந்த சி. ஆர். ராவ் அவர்கள் இதைப் பற்றி 1965 முதலே எழுதிவந்தார். அவர் காட்டிய உதாரணத்தை நம் விடுதியிலேயே செய்து பார்க்கலாம். மாணவர் ஒவ்வொருவரிடமும், 'உங்கள் வீட்டில் நீங்கள் உட்பட ஆண் பிள்ளைகள் எத்தனை, பெண் பிள்ளைகள் எத்தனை?' என்று கேட்டுக் கூட்டுங்கள். நாட்டில் ஆண்கள் மிக மிகுந்துவிட்டது போல் தோன்றும். ஆண் பிள்ளையே இல்லாத வீட்டிலிருந்து ஆண்கள் விடுதிக்கு எவரும் வரமாட்டார் அல்லவா? விடை சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்ட இடம் அப்படி. 1985-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே, ஒரு மாதிரி எந்த மக்கள்தொகையைக் குறிக்கிறது என்ற கேள்வியை வைத்துவிட்டார்.

எடைக்கும் நாட்ட மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவை நான் உணர்ந்தது ஒரு பெருக்கலில். ஆயிரத்தில் ஒன்று என்ற வீதத்தில் தேர்ந்த வீடு ஆயிரம் வீடுகளுக்காகப் பேசுகிறது. இந்த எளிய நீதியை 1951-இல் நம் நாட்டு வேளாண் புள்ளியியல் சங்க இதழில் நரேன் எழுதினார். அடுத்த ஆண்டு ஹார்விட்சும் தாம்சனும் அமெரிக்காவில் எழுதினார்கள். உலகம் பின்னவர் இருவர் பெயரையே நினைவில் வைத்துக்கொண்டது, அது நிற்க. நாட்ட மதிப்பெண்ணையும் இதே வழியில் எடையாக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பே இருந்தும் குழாய் பெற்றுவிட்ட வீடு, தன்னைப் போன்ற ஐந்து வீடுகளுக்காகப் பேசுகிறது. முதல் எடை, 'ஆய்வாளர் உன் வீட்டுக்கு வர எவ்வளவு வாய்ப்பு?' என்பதன் தலைகீழ். இரண்டாவது, 'குழாய் உன் வீட்டுக்கு வர எவ்வளவு வாய்ப்பு?' என்பதன் தலைகீழ். ஒன்று ஆய்வாளர் செய்த தேர்வைச் சரிசெய்கிறது. மற்றொன்று வாழ்க்கை செய்த தேர்வைச் சரிசெய்கிறது. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. ஆகவே இரண்டையும் பெருக்க வேண்டும். அந்த வீடு ஐயாயிரம் வீடுகளுக்காகப் பேசும். குழாய் பெறாத வீட்டுக்கு, பெறாமலிருக்கும் வாய்ப்பின் தலைகீழைக் கொள்ள வேண்டும். குழாய் பெற்றவர்களுக்கு மட்டும் என்ன பயன் என்று கேட்பவர் இரண்டாம் எடையை வேறு விதமாக அமைப்பார். முதல் எடை அப்போதும் நீங்காது.

"காரணகாரியம் தேடுகிறவனுக்கு எடை எதற்கு?" என்றாரே நெறியாளர், அதில் ஒரு பாதி உண்மை இல்லாமல் இல்லை. குழாயின் பயன் எல்லா வீட்டிலும் ஒன்றேயானால், யாரை எவ்வளவு நிறுத்தாலும் சராசரி மாறாது; எடை வீண் சுமையே. ஆனால் பயன் ஒன்றே என்று யார் சொன்னது? ஜலானும் ரவாலியனும் அன்று என்றல்லவா காட்டியிருக்கிறார்கள்! 'மாநிலம், நகரம், சிற்றூர் எல்லாவற்றையும் நாட்ட மதிப்பெண்ணுக்குள் சேர்த்துவிட்டேன், பிறகென்ன?' என்று கேட்பவரும் உண்டு. அவர் ஒப்பீட்டை நேர்மையாக்கிவிட்டார். சராசரியை யாருக்காக எடுக்கிறோம் என்பதை இன்னும் தொடவில்லை. மேலே போட்ட கற்பனைக் கணக்கில் ஒப்பீடு குற்றமற்றது என்று வைத்துக்கொண்டுதானே 7-க்கும் 3-க்கும் உள்ள பிளவைக் கண்டோம்?

எடையால் இழப்பே இல்லை என்று நான் வாதிடவும் மாட்டேன். இழப்பு உண்டு. லெஸ்லி கிஷ் என்னும் மாதிரி ஆய்வு அறிஞர் சொன்ன வாய்பாட்டின்படி, என் கற்பனைக் கணக்கின் 2,000 குழந்தைகள், ஒன்பதுக்கு ஒன்று என எடை போட்ட பிறகு, ஏறத்தாழ 1,220 குழந்தைகளின் வலிமைதான் பெறுவார்கள். பிழை எல்லை விரியும். இரண்டு எடைகளைப் பெருக்கும்போது இது இன்னும் கூடும். சர்வே எடையும் பெரிதாகி, நாட்டமும் மிகச் சிறிதாகிவிட்ட ஒரே ஒரு வீடு, ஒரு மாநிலத்தின் விடையையே இழுத்துக்கொண்டு போய்விடக்கூடும். அத்தகைய எடைகளை ஓரளவில் வெட்டி நிறுத்துவது உண்டு. வெட்டலாம், எங்கே வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று எழுதிவிட்டு வெட்ட வேண்டும். குறுகிய எல்லையோடு தவறான மக்களுக்கு விடை சொல்வதைவிட, அகன்ற எல்லையோடு சரியான மக்களுக்கு விடை சொல்வதையே நான் விரும்புவேன்.

இனி, நாட்ட மதிப்பெண்ணைக் கணக்கிடும் முதற்படியிலும் எடையைச் சேர்க்க வேண்டுமா என்பதில் அறிஞரிடையே பூசல் உண்டு. முதற்படியில் எடைபோடத் தேவையில்லை, எடையையும் ஒரு பண்பாகச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று 2014-இல் டுகாஃப், ஷூலர், ஸ்டூவர்ட் ஆகியோர் எழுதினார்கள். முதற்படியிலும் எடைபோட்டே ஆகவேண்டும் என்று 2015-இல் ரிட்ஜ்வேயும் அவர் கூட்டாளிகளும் வாதிட்டார்கள். இணை சேர்ப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: குழாய் இல்லாத வீடு தன் சொந்த எடையை வைத்துக்கொள்ளலாமா, தனக்கு இணையாக வந்த குழாய் வீட்டின் எடையை ஏற்க வேண்டுமா என்பது. இதிலும் இரு கட்சி உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் அனைவரும் பூசலிடுவது முதற்படியில் என்ன செய்வது, எந்த எடையைக் கொள்வது என்பதில்தான். இறுதிக் கணக்கில் எடையை எறிந்துவிடு என்று இவர்களுள் எவரும் சொல்லவில்லை. நம் ஊர் ஆய்வேடுகளோ பூசலைக் காட்டி எடையையே எறிந்துவிடுகின்றன.

என் கருத்தைக் கேட்டால், எந்த வழியில் போனாலும் துலாக்கோலைப் பார்த்துவிட்டு முடிவு செய் என்பேன். குழாய் உள்ள வீடுகளும் இல்லாத வீடுகளும் தாயின் படிப்பிலும் வருவாயிலும் ஒத்திருக்கின்றனவா என்று அட்டவணை போட்டுப் பார்ப்பது வழக்கம். பெரும்பாலோர் அதை எடையில்லாமல் பார்த்து நிறைவடைகிறார்கள். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பிறகு, அதே அட்டவணையைச் சர்வே எடையோடு மீண்டும் போட்டபோது தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. என் மாதிரியில் ஒத்திருந்தவர்கள், நாட்டில் ஒத்திருக்கவில்லை. நாட்டின் கணக்கைத்தான் சொல்லப் போகிறோம் என்றால், துலாக்கோலையும் நாட்டின் எடையோடுதான் பார்க்க வேண்டும். இரு வழியிலும் நாட்ட மதிப்பெண் போட்டு, எது இறுதி எடையோடு பார்க்கும்போது நன்கு சமனாகிறதோ அதைக் கொள்ளலாம். ஆனால் நோய்க் கணக்கைத் திறப்பதற்கு முன்பே இந்தத் தேர்வை முடித்துவிட வேண்டும். திறந்த பிறகு நமக்குப் பிடித்த விடை தரும் வழியையே மனம் நாடும். மனித இயல்பு அது. புள்ளியியல் மாணவனும் மனிதனே.

பிழை எல்லையைப் பற்றியும் ஒரு சொல். இந்த ஆய்வில் ஓர் ஊரையோ நகரத்தின் ஒரு கண்டத்தையோ முதலில் தேர்ந்து, அதனுள் 22 வீடுகளை எடுக்கிறார்கள். அந்த 22 வீடும் ஒரே மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக்கூடும். தொட்டி கெட்டால் 22 வீட்டிலும் நோய். அவற்றை 22 தனிச் சாட்சிகளாக எண்ணுவது ஒரே குடும்பத்தார் அனைவரையும் தனித்தனிச் சாட்சிகளாக நீதிமன்றத்தில் நிறுத்துவது போன்றது. ஊரை ஓர் அலகாகக் கொண்டு பிழையைக் கணக்கிட வேண்டும். எடையை எறிந்தவர்கள் பெரும்பாலும் இதையும் எறிந்துவிடுகிறார்கள்.

இத்தனையும் செய்தாலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. கை கழுவச் சொல்லி ஓயாமல் வற்புறுத்தும் ஒரு பாட்டி வீட்டில் இருக்கிறாளா என்று எந்தச் சர்வேயும் கேட்பதில்லை. குழாய் வரும் தெருவில் அப்படிப்பட்ட பாட்டிமார் மிகுதியாக இருந்துவிட்டால், அவர்களுடைய புகழையும் குழாய்க்கே கொடுத்துவிடுவோம். எத்தனை எடை போட்டாலும் கேட்காத கேள்விக்கு விடை வராது. எடையைக் காக்க வந்த நான் அதை அருமருந்து என்று விற்கவில்லை.

நான் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் எதுவும் அன்று. நாடு தழுவிய சர்வேயை வைத்து நம் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். இந்த விடை யாருக்கு, நாட்டு மக்கள் அனைவருக்குமா, குழாய் பெற்றவர்க்கு மட்டுமா என்று அதில் எழுதட்டும். நாட்ட மதிப்பெண்ணிலும், சமன் பார்ப்பதிலும், இறுதிக் கணக்கிலும் எடையை என்ன செய்தார்கள் என்று சொல்லட்டும். எடை போட்ட பின் மாதிரியின் வலிமை எவ்வளவாகக் குறைந்தது என்று காட்டட்டும். எடையை விட்டுவிடுவதே சரி என்று ஒருவர் கருதினால், அதையும் காரணத்தோடு எழுதட்டும். தேர்வாளர் அவரோடு வாதிடட்டும். நான் எதிர்ப்பது பேசாமல் விடுவதை. மென்பொருள் ஏற்கவில்லை என்பது ஒரு காரணம் ஆகாது. இப்போது எடையை ஏற்கும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. கற்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது, அதில் ஒரு வாரம் பூஜா விடுமுறை.

நெறியாளரிடம் மீண்டும் சென்றேன். கற்பனைக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். 7-ஐயும் 3-ஐயும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத்தியாயத்தைத் திருத்தி எழுது; கால நீட்டிப்புக்கு நான் கையெழுத்திடுகிறேன்" என்றார். அந்தப் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்வது என் கடமை. திருத்திய கணக்கில் குழாயின் பயன் மறைந்துவிடவில்லை. திசை அதுவே, அளவு குறுகியது, எல்லை விரிந்தது. முன்பு இருந்த அழகு போயிற்று. வறிய வீடுகளைத் தனியே பிரித்துப் பார்த்த அட்டவணை இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. அதைத்தான் இப்போது மீண்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதிய அத்தியாயத்தின் படி ஒன்றை அந்தப் பெரியவருக்கும் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. வாழ்த்து இரண்டு வரி. அதன் கீழே, நான்காம் அட்டவணையில் சிற்றூர்ப் பகுதிக்கு மட்டும் எடை போட மறந்துவிட்டதாக எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன், மறந்துதான் இருந்தேன்.